குதிரைக்காரி மரியம்

குதிரை என்றால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. கல்யாண ஊர்வலத்தில் வருகிற சாதுவான குதிரையைப் பார்த்தால்கூட வயிற்றுக்குள் ஏதோ பற்றிக்கொண்டு எரியும். பயமில்லை, பொறாமைதான். அதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் சித்தியும், சித்திக்கு எதிர்வீட்டுப் பெண் ஷமீமாவும்.

நாங்கள் ராஜபாளையம். ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு என்னைச் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சித்திக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை என்பதால் பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள். கேபிள் கனெக்‌ஷன் கிடையாது. அதற்குப் பதிலாக அவளிடம் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது. கல்லூரியில் படித்தபோது பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியது. கதைக்கு நடுவே மூல வியாதி விளம்பரமும் பாதியில் அறுந்த ஜோக்குகளும் வரும். எந்த வாரமாவது பத்திரிகை கிடைக்காமல் போயிருந்தால் கதையில் அந்த இடம் ஓட்டைதான். அதைச் சித்தி வாயாலேயே சொல்லி அடைத்துவிடுவாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துச் சுவரில் சாய்ந்துகொண்டு வாசிப்பாள். அவள் மடியில் தலைவைத்துப் படுப்பது என் உரிமை. ஷமீமா கதவோரமாக உட்காருவாள்; பாதிக் கதையிலேயே எழுந்து போய்விடுவாள். கதையில் மதுரை ராஜா இருந்தார், பெரிய படை இருந்தது. சேனாபதி தெலுங்குக்காரர், கோபம் வந்தால் "போரா" என்பார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் என்பதால் எனக்குப் புரியும். புரியாமல் விழிக்கும் ஷமீமாவுக்கு, அது 'போடா' என்று நான் பெரிய மனதோடு அர்த்தம் சொல்வேன்.

ஒருநாள் காயல் துறைமுகத்தில் கப்பல் வந்து ராஜாவுக்குக் குதிரைகளை இறக்கினார்கள். ஷமீமா கதவோரத்திலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, அந்தக் காலத்துல எங்க ஆளுக இருந்தாகளா?"

அவளும் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். அதுவே எனக்குப் பிடிக்காது.

சித்தி இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். "இல்லாமயா? நாளைக்கு வருவாக பாரு" என்றாள்.

மறுநாள் மரியம் வந்தாள். குதிரை கொண்டுவந்த அரபு வணிகரின் மகள். அம்மா காயல்காரி என்பதால் தமிழும் பேசுவாள். குதிரையின் விலாவில் காதை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு கதையில் வேறு யாருக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. சாகக் கிடந்த பட்டத்துக் குதிரையை எழுப்பி நிறுத்தியது மரியம். எதிரிப் படை வருவதை மதுரைக்குச் சொல்லக் கொட்டும் மழையில் தனியாகப் போனதும் மரியம். போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்தில்தான் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாளாம்.

"ராஜபாளையத்துல நிக்கலையா?" என்று கேட்டேன்.

"அங்கிட்டு அவளுக்கு என்ன சோலி?" என்றாள் சித்தி.

ஷமீமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவளுடைய அக்காவின் துப்பட்டாவைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு தெருவில் பாய்ந்தாள். எங்கள் ராஜபாளையத்து நாய் குதிரையைவிட வேகமாக ஓடும் என்று சொல்லிப் பார்த்தேன். "மரியம் நாய் மேலயா ஏறிப் போவா?" என்று கேட்டுவிட்டாள். கதவோரத்தில் இருந்தவள் பாய்க்கு வந்தாள். ஒரு மத்தியானம் நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சித்தியின் மடியிலேயே படுத்திருந்தாள். சித்தி அவள் தலையைக் கோதிக்கொண்டே வாசித்தாள். நான் செத்துப்போனால்கூட இந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தோன்றியது. அந்தக் குதிரைக்குக் கால் ஒடிய வேண்டும் என்று ஆண்டாளிடம் மனமுருக வேண்டிக்கொண்டேன்.

சித்தி பால் வாங்கப் போயிருந்த ஒரு சாயங்காலம் புத்தகத்தை எடுத்துவிட்டேன். மரியம் எந்தப் பக்கத்தில் சாகிறாள் என்று தெரிந்துவிட்டால் எனக்கு நிம்மதி. வரிவரியாக விரலை ஓட்டித் தேடினேன். மரியம் இல்லை. முன்னால் தள்ளினேன், பின்னால் தள்ளினேன், எங்குமே இல்லை. கப்பல் வந்த இடத்தில் குதிரைகளோடு அரபு வணிகர் சிலரும் இறங்கினார்கள் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அடுத்த பக்கத்தில் ராஜா அந்தப்புரத்துக்குப் போய்விட்டார். அதற்கடுத்து ஒரு வாரத்தைக் காணோம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரியம் வருகிற பக்கங்களை மட்டும் சித்தி தையலைப் பிரித்து எடுத்து ஷமீமாவுக்குக் கொடுத்துவிட்டாள்!

எதிர்வீட்டுக்கு ஓடினேன். "எடுட்டி பக்கத்த" என்று வாசலில் நின்றேன். ஷமீமா முழித்தாள். புத்தகத்தில் மரியம் இல்லவே இல்லை, அந்தப் பக்கமெல்லாம் உன்னிடம்தான் இருக்கிறது என்று கத்தினேன். அவள் முகம் சுண்டிப்போனது. என்னோடு சண்டைகூடப் போடாமல் தெருவில் இறங்கி, பால் தூக்கோடு வந்துகொண்டிருந்த சித்தியை மறித்தாள்.

"சித்தி, மரியம் பொஸ்தகத்துலயே இல்லயாம்ல?"

சித்தி என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

"அந்த வாரமெல்லாம் பத்திரிகை கெடைக்கலட்டி. அதான் மனசுல வச்சுச் சொல்லுதேன். மரியம் எங்க போயிருவா?"

ஷமீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, எங்களோடு உள்ளே வந்து பாயில் நடுநாயகமாக உட்கார்ந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அடுப்படிவரை சித்தியின் பின்னாலேயே போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கும் ஒரு வாரத்தத் தொலச்சிரு சித்தி. தொலச்சிட்டு அதுல என்னையச் சொல்லு. நான் மட்டும் எங்கயுமே வரல."

சித்தி பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சிரித்தாள். குனிந்து, ஷமீமாவுக்குக் கேட்காதபடி என் காதில் சொன்னாள்.

"ஏட்டி, பொஸ்தகம் பூராவும் நீதானட்டி இருக்க."

ஓடிப்போய் மறுபடியும் புத்தகத்தைப் பிரித்தேன். படங்களில் இருந்த வீரர்கள் பட்டாளத்திலிருந்த என் மாமாவைப் போல மீசை முறுக்கியிருந்தார்கள். ராணி என் அம்மாவைப் போலக் கொண்டையில் பூ வைத்திருந்தாள். எல்லாரும் எங்கள் ஆட்களைப் போலத்தான் இருந்தார்கள்; என்னை மட்டும் எந்தப் பக்கத்திலும் காணோம். சமாதானத்துக்குச் சித்தி பொய் சொல்லிவிட்டாள் என்று அன்று முழுக்க அழுதேன்.