திராட்சை ஜூஸில் நடத்திய பாடம்

சிதம்பரத்தில் ஒரு கேட்டரிங் இன்ஸ்டிடியூட்டில் ஏழு வருஷம் பாடம் நடத்தினேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பாதி நாள் நின்றுகொண்டே. என் பாடங்களில் ஒன்று ஒயின். நான் அதுவரை ஒரு சொட்டு ஒயின் குடித்தவள் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நோட்ஸ் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது; அவரும் குடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சிவப்பு ஒயினுக்குக் கறி, வெள்ளை ஒயினுக்கு மீன். பிராக்டிகலுக்குத் திராட்சை ஜூஸ் வாங்கித் தண்ணீர் கலந்து கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றுவோம். வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து நிறம் பார்க்க வேண்டும், சுழற்றி முகர வேண்டும், ஒரு வாய் குடித்து நாக்கிலேயே வைத்திருக்க வேண்டும். இருபது பேரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜூஸை முகர்வார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததெல்லாம் முதல் வருஷத்தோடு சரி.

நான்காவது வருஷம், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்காரர் ஒருவர் சேர்ந்தார். சுனாமியில் படகு போய்விட்டது. அடுத்தவர் படகில் கூலிக்குப் போய் அலுத்து, பயணிகள் கப்பலில் பரிமாறும் வேலைக்குப் போகலாம் என்று வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், அதனால் வா, போ என்று சொல்ல வாய் வரவில்லை. கப்பல் கம்பெனி முப்பத்தைந்து வயது வரைதான் ஆள் எடுக்கும். அவருக்கு முப்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. என் நோட்ஸை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தவர் அவர் ஒருவர்தான்.

சென்னையில் இன்டர்வியூ முடிந்து ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். லேபில் நான் மட்டும் இருந்தேன். பையிலிருந்து, கைலியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். பாண்டிச்சேரியில் வாங்கிய பிரெஞ்சு சிவப்பு ஒயின்.

"ஒரு வாய் குடிச்சுப் பாருங்க மேடம்."

"என்னங்க இது? யாராச்சும் பாத்தா என் வேலை போயிடும்."

"எனக்குப் போயிடுச்சு மேடம். கடைசியா ஒயின் குடுத்து எப்பிடி இருக்குன்னு கேட்டாங்க. இனிப்பே இல்ல, வாயெல்லாம் இழுத்துப் புடிச்சுது. இது கெட்டுப்போச்சு, பரிமாறக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவுங்க சிரிச்சாங்க."

லேபில் சும்மா கிடந்த கார்க் ஸ்க்ரூவை முதல் தடவையாக ஒரு நிஜ பாட்டிலில் திருகினேன். குடித்தேன். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு. கொட்டைப் பாக்கை மென்றால் வருமே, அதே துவர்ப்பு; ஈறு வரை காய்ந்துபோனது. டானின், டானின் என்று நான் போர்டில் எழுதிப்போட்டது இதைத்தான். பாக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

என் டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்புச் சோறு. ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வாய் குடித்தேன். துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல இருந்தது. அவர் தன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, கொழுப்போடு இருந்த ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளினார். அதை மென்றுவிட்டுக் குடித்தபோது துவர்ப்பு அடங்கி, பின்னாலேயே பழ வாசனை வந்தது. நோட்ஸில் இருந்ததெல்லாம் சரிதான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மறுபடியும் ஒரு தடவை எழுதிப்போட்டுப் பாக்கலாமே" என்றேன்.

"அடுத்த இன்டர்வியூ வர்றதுக்குள்ள வயசு தாண்டிடும் மேடம்."

அவர் கோபப்படவில்லை. கார்க்கை அழுத்தி மூடி, பாட்டிலை மறுபடியும் கைலியில் சுற்றினார்.

"நீங்க குடிச்சதில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே பாண்டிக்குப் போயி குடிச்சுப் பாத்துருப்பேன். எங்க ஊருலேந்து எவ்ளோ தூரம் மேடம், முக்கா மணி நேரம்தானே?"

சாயந்திரம் வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒயின் வகுப்பை, "நான் இதை ஒரே ஒரு தடவைதான் குடிச்சிருக்கேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அப்போது திரும்பவும் அடுத்தவர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.