காஜா பேராங் கொட்டாயில் கேட்ட இருமல்

அன்று காலை காஜா பேராங் ஊரில் எங்கள் மாட்டுக் கொட்டாயில் இருந்தவர்கள்: முதலாளி மாரிமுத்து, அவர் மனைவி அஞ்சலையக்கா, பால் கறக்கும் நான், ஐந்து பசுக்கள். இருமியது லெட்சுமி என்ற பசு.

சண்டையில் ஜெயித்து ஜப்பான்காரன் எங்கள் ஊரை ஆண்ட காலம். எங்கள் பாலில் பாதி அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும். அதனால் என்னிடம் ஒரு வேலைச் சீட்டு இருந்தது. சீட்டு இல்லாதவனைப் பிடித்து, ஆட்கள் செத்து விழும் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். மாடு போனால் சீட்டும் போகும். எனக்கு எந்நேரமும் அதே கவலை.

படிப்பை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். ஆனால் மாட்டுக்கு வரும் தொற்று நுரையீரல் நோயைச் சண்டைக்கு முன்பே வேறொரு கொட்டாயில் பார்த்திருந்தேன். காய்ச்சல் அடிக்கும். அசைபோடாது. பால் வற்றும். கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, முனகி முனகி மூச்சு விடும். தேறிவிட்ட மாடும் நெஞ்சுக்குள் நோயை வைத்திருந்து பக்கத்து மாட்டுக்குக் கொடுக்கும். அந்தக் கொட்டாயே காலியானது.

"முதலாளி, லெட்சுமியத் தனியாக் கட்டணும்."

"தும்மினாலே உனக்குச் சாவு நெனப்புதான்டா," என்றார். ஆனாலும் பின்பக்கம் மாமரத்தடியில் கட்டினோம்.

சில நாளில் லெட்சுமிக்கு இருமல் நின்றது. உள்ளே நின்ற மற்றவை இருமத் தொடங்கின. தேறிய மாடு பரப்பிவிட்டது என்றே நினைத்தேன். முதலாளியும் பயந்துவிட்டார்.

"ஜப்பான்காரன் ஆபீசுக்குத் தெரிஞ்சா எல்லா மாட்டையும் சுட்டுருவான். லெட்சுமிய இப்பவே கசாப்புக்காரன்கிட்ட தள்ளிடுவோம்."

நான் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். சாணி அள்ளிவிட்டு அஞ்சலையக்கா இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"நானுந்தான் இருமுறேன். என்னையும் சேத்துத் தள்ளிவிடுங்க!"

நாங்கள் மாடுகளை முற்றத்தில் வைத்துத்தான் கறப்போம். உள்ளே அதிக நேரம் நிற்பவர் அக்கா ஒருவர்தான். கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனேன். முந்தின மாலை கொசுவுக்கு முதலாளி போட்ட மூட்டம் இன்னும் புகைந்தது. தேங்காய் மட்டை அடுப்புக்கே போதாத காலம். வாங்க ஆளில்லாமல் கிடந்த ரப்பர்க் கழிவை, ஒட்டுப்பாலை, அதில் போட்டிருந்தார். கரும்புகை கூரையடியில் தொங்கியது. எனக்கும் இருமல் வந்தது.

ஒவ்வொரு மாட்டின் காதையும் தொட்டேன். சூடில்லை. தோளுக்குப் பின்னால் முதுகை அழுத்தினேன். நோயாளி மாடு முனகும். இவை அசைபோட்டுக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தன.

"ஒட்டுப்பால் பொகைதான், முதலாளி."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னடா?"

"போட்டது யாரு, அவனா?" என்றார் அக்கா.

அன்று மாலை முதல் மூட்டத்துக்கு வரட்டியும், எலுமிச்சை வாசம் வீசும் செராய்ப் புல்லும். இருமல் மெல்ல அடங்கியது. ஜப்பான்காரன் போகும்வரை சீட்டு என் மடியிலேயே இருந்தது.

மாடு இருமினால் தனியாகக் கட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு நோய் என்று முடிவு கட்டுமுன், அது நின்ற இடத்தில் நீங்களும் கொஞ்சம் நின்று மூச்சுவிட்டுப் பாருங்கள். லெட்சுமி அதற்கப்புறம் கொட்டாய்க்குள் வரவே மறுத்துவிட்டாள். அடுத்த கன்றையும் மாமரத்தடியில்தான் ஈன்றாள்.