தூளி கட்டிய உத்தரம்

ராமேசுவரம் போகிறவர்கள் தங்குவதற்காக அந்தக் காலத்து ராணி ஒருத்தி கட்டிவைத்த சத்திரம் அது. வழியில் இடுப்புவலி கண்ட பெண்களுக்கென்றே தனி அறை உண்டு; வளைவெல்லாம் சுதையில் கிளியும் கொடியும். பிற்காலத்தில் வீடில்லாத நாங்கள் அந்த அறையில் குடியிருந்தோம்.

சத்திரத்தைப் பிரித்து, அதன் பழைய மரங்களைக் கடற்கரை ஓட்டல் ஒன்றுக்கு ஏற்றிப்போக ஒருவர் வந்தார். ஒவ்வொரு தேக்கையும் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். எங்கள் அறை உத்தரத்தில் கட்டிய தூளியில் பேரன் தூங்கினான்.

"இதத்தான் முதல்ல எறக்கணும்," என்றார்.

அந்நிய ஆணிடம் நான் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று கத்திவிட்டேன்: "மருமவன் துபாய்ல இருக்காருங்க. பச்சப் புள்ளயோட நாங்க எங்கங்க போறது?"

"மெதுவாப் பேசுங்கம்மா, புள்ள முழிச்சிக்கும்."

பிள்ளையை அவரே அள்ளி என்னிடம் தந்துவிட்டு, தூளியை அவிழ்த்தார். அவன் சிணுங்கவே இல்லை. அத்தனை பதமான கையை அப்புறம் நான் யாரிடமும் பார்க்கவில்லை.