அக்கா கிழித்த டயர்

பஞ்சர் அக்காவிடம் வண்டியை விடாதீர்கள், நல்ல டயரைக் கத்தியால் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறாள் என்று ஒரு பேச்சு பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சலூனில் அது ஒரு டயராக இருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் நான்கு ஆகிவிட்டது. மருந்துக்கடை வாசலில் நின்றவர்களுக்குக் கிடைத்த செய்தியில் அவள் ஆளையே கிழிக்க வந்தாளாம், நல்ல காலம், மனிதர் ஹெல்மெட் போட்டிருந்தாராம். இந்த ஊரில் எது பஞ்சரானாலும் பேச்சு மட்டும் பஞ்சராவதில்லை.

சரி, கடையைப் போய்ப் பார்த்துவிடுவோம். மின்மாற்றிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், எட்டடிக்கு ஆறடி இடம். பாதியாக அறுத்த நீலப் பீப்பாயில் தண்ணீர். இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு கம்ப்ரஸர். சுவரில் ஆணியடித்து மாட்டிய டயர் லீவர்கள், ஒரு பெட்டி நிறைய வால்வு பின்கள், சொல்யூஷன் டப்பா, உப்புத்தாள். மூலையில் நான்கு பழைய டயர்கள் கிடக்கின்றன. விற்பதற்குப் புது டயர் ஒன்றுகூடக் கிடையாது. விற்காத பொருளை வாங்கச் சொல்லி யாரும் யாரையும் மிரட்ட மாட்டார்கள் என்பதால் வதந்தியில் பாதிக் காற்று இங்கேயே இறங்கிவிடுகிறது.

மீதிப் பாதி? கத்தி இருக்கிறது. கிழித்தாளா என்றால், கிழித்தாள். கேட்பதற்கு முன்பே அவள் ஒப்புக்கொள்கிறாள். “ஆமா, நான்தான் கிழிச்சேன். முழங்கை நீளத்துக்குக் கிழிச்சேன். போய்ச் சொல்லுங்க.”

ஆக, வதந்தி உண்மைதான். ஏன் கிழித்தாள் என்கிற சின்ன விஷயம்தான் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. கடை புருஷன் வைத்தது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, நாலு மாசம் மட்டும் பார்த்துக்கோ என்று சாவியைக் கொடுத்துவிட்டு ரொட்டித் தொழிற்சாலைக்கு பாக்கிங் வேலைக்குப் போனார். அந்த நாலு மாசம் இப்போது பதினோராவது வருஷத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட எட்டு வயது மூத்தவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். நடுரோட்டில் வண்டி தள்ளுகிறவனுக்கு வயது நினைவிருப்பதில்லை.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. காற்றில்லாத டயரில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி டியூபைக் கந்தலாக்கிக்கொண்டு வருகிறவன் மேல் கோபம். போன வாரம்தான் ஒட்டினீங்க என்று அடுத்த சக்கரத்தைக் காட்டுகிறவன் மேல் கோபம். ரோட்டில் ஆணியைச் சிந்திக்கொண்டே போகிற மரக்கடை லாரி மேல் கோபம், அதனால் தனக்கு வேலை வருகிறதே என்று தன் மேலும் ஒரு கோபம். ஆனால் வாய்தான் அப்படி. கை, டியூபைத் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, கடைசிக் குமிழி வரை பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுக்கும்.

கடைக்குச் சோறு போட்டது பதினான்கு வண்டிகள். ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. அதன் ஆட்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ச் சின்னச் சின்னக் குப்பிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வருவார்கள். அந்த வண்டிகளின் டயர் வேலை முழுக்க அக்காவிடம். அவள் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய கொழுந்தன், அந்த நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர். வாங்கிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. சொல்லிக்காட்டுவதும் மூன்று வருஷமாக நிற்கவில்லை. ஒரே வீடு வேறு: கீழே அக்காவும் புருஷனும், மாடியில் கொழுந்தன் குடும்பம். சொல்லிக்காட்ட வெளியே போக வேண்டியதில்லை, படியிறங்கினால் போதும்.

வண்டி பஞ்சரானால் ஒரு சீட்டு எழுத வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள்: ‘ஒட்டு’, ‘மாற்று’. எந்தக் கட்டம் என்று முடிவு செய்கிறவர் கொழுந்தன். மூன்று வருஷத்தில் அவருடைய பேனா ‘மாற்று’ப் பக்கம் வழிதவறிக்கூடப் போனதில்லை. டயர் வாங்காமலே வண்டி ஓட்டியதற்காக நிர்வாகம் அவருக்கு ஒரு சிக்கனச் சான்றிதழ் கொடுத்தது. அது சட்டம் போட்டு மாடிக் கூடத்தில் தொங்குகிறது. அவர் மட்டும் ஆபீஸ் வேனில் போய் வருகிறார்.

சீட்டின் அடியில் இன்னொரு வரி இருந்தது. ‘இந்த டயர் ஓடத் தகுதியானது.’ அதற்குக் கீழே கையெழுத்து. ஒட்டச் சொன்னவருடையது அல்ல, ஒட்டியவருடையது. அக்கா மூன்று வருஷமாக அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டயர் ஓட்டையானால் உள்பக்கம் பழைய டயர்த் துண்டு ஒன்றை வெட்டி வைப்பாள், டியூபை ஒட்டுவாள், காற்றடிப்பாள், எண்ணெய்க் கையோடு பேரைக் கிறுக்குவாள். படித்திருக்க வேண்டும். ஆனால் எழுதியவன் நாம் படிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தானே அந்த இடத்தில் எழுதியிருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு முன் அதை அவளுக்கே படித்துக் காட்டினார்கள். அந்தப் பதினான்கு வண்டிகளில் ஒன்றை ஓட்டுகிறவன், நெட்டையன் என்று பெயர். வளைவில் பின் டயர் வெடித்து, விழுந்து, தோளில் காறையெலும்பு முறிந்துவிட்டது. அந்த டயருக்குள் அக்கா இரண்டு முறை துண்டு வைத்திருந்தாள். இரண்டு முறையும் மாற்றச் சொல்லியிருந்தாள், வாயால். வாயால் சொன்னதற்குக் கட்டம் கிடையாது. ஆபீசில் கூப்பிட்டு உட்கார வைத்து, இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றுதான் இருந்தன, இருந்தாலும் எண்ணி முடியவில்லை. ‘இனி கவனமாகச் செயல்படவும்’ என்று அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அங்கிருந்து நேராக நெட்டையனைப் பார்க்கப் போனாள். அவன் மனைவி கதவைத் திறந்து, ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். திட்டியிருந்தால் அக்கா திருப்பியாவது திட்டியிருப்பாள்.

இதெல்லாம் உள்ளே கிடந்து புகைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலை பதினொன்றரைக்கு அந்தப் பரிசோதனைக்கூடத்துப் பெட்டிக்காரர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எட்டு வயது மூத்தவர் என்று சொன்னது இவரைத்தான். பெட்டியில் நாற்பது பேருடைய ரத்தம். பன்னிரண்டரைக்குள் போய்ச் சேரவில்லையென்றால் நாற்பது பேருக்கும் மறுபடி ஊசி.

சக்கரத்தைக் கழற்றினாள். டயரின் நடுவில் ஓர் ஆணி. அது ஒன்றுமில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். ரப்பர் விண்டு, நூல் நூலாக உள்ளே இருப்பது தெரிந்தது. உள்பக்கம் கையை விட்டால், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று துண்டுகள். மூன்றும் அவள் வைத்தவை. இதை ஓட்டிக்கொண்டா வந்தீர்கள் என்று அவரைத் திட்டத் தொடங்கியவள், பாதியில் நிறுத்திவிட்டாள். திட்டு யாருக்குப் போக வேண்டும் என்று விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

கொழுந்தனுக்கு போன் போட்டாள். பின் டயர் போய்விட்டது, புதுசு எழுதுங்கள் என்றாள். ஆணிதானே அண்ணி, ஒட்டி விடுங்கள் என்றார். வீக்கத்தைச் சொன்னாள். போட்டோ கேட்டார். அனுப்பினாள். பார்த்துவிட்டு அவர் சொன்னது:

“இது நிழல் மாதிரியில்ல இருக்கு அண்ணி.”

அக்கா ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். உச்சி வெயில்.

“தம்பி, நூல் வெளிய வந்துடுச்சு. ஏற்கெனவே மூணு துண்டு உள்ள இருக்கு.”

“நாலாவதா ஒண்ணு வைங்க. வருஷக் கணக்கு முடியற வரைக்கும் தள்ளிடும்.”

“வைக்கிறேன். தகுதியானதுன்னு நீங்க வந்து கையெழுத்துப் போடுங்க.”

“அது வேலை செஞ்சவங்க போடறது. ரூல் அப்படி. வீக்கத்துக்கெல்லாம் மாத்த முடியாது அண்ணி, கிழிஞ்சிருந்தா மட்டும்தான் மாத்தலாம்.”

“கிழிஞ்சிருந்தா மாத்துவீங்களா?”

“கிழிஞ்சிருந்தா நான் ஏன் இல்லைன்னு சொல்லப்போறேன்?”

ஒரு நிமிஷம் தம்பி என்று போனைப் பெட்டிக்காரர் கையில் கொடுத்தாள். கைப்பிடியில் துணி சுற்றிய கத்தியை எடுத்தாள். துண்டு வெட்டுவதற்கென்று வைத்திருப்பது. ரப்பரை அறுக்கக் கத்தி ஈரமாக இருக்க வேண்டும், கோபத்திலும் அது மறக்கவில்லை. பீப்பாயில் நனைத்து, வீக்கத்தின் ஒரு கரையில் குத்தி, இழுத்தாள். பதினான்கு வண்டிகள் தன் கையைவிட்டுப் போவது இழுக்கும்போதே அவளுக்குத் தெரியும். இருந்தும் இழுத்தாள். டயர் வாயைப் பிளந்தது. போனை வாங்கி அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள்.

“இப்ப பாருங்க. நிழல் தெரியுதா?”

மறுமுனையில் அவர், “அண்ணி, அது கம்பெனி சொத்து” என்றார்.

“ஆமா. அது மேல உக்காந்து போறாரே ஒருத்தர், அவரு யாரு சொத்து?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. யாருடைய சொத்து என்று இதுவரை முடிவாகாத அந்த மனிதர், கிழிந்த டயரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

“எல்லாம் சரிக்கா. இப்ப நான் எதுல போறது?”

கோபம் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. அக்கா சுற்றிப் பார்த்தாள். கடைக்குப் பக்கத்தில் புருஷனுடைய வண்டி நின்றது. காலையில் நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வண்டியில் ஏறிப் போயிருந்தார். அதே பதினெட்டு அங்குலச் சக்கரம், போன மாதம் போட்ட பின் டயர். இருபது நிமிஷத்தில் அந்த டயர் அங்கிருந்து இறங்கி இங்கே ஏறிவிட்டது. பெட்டிக்காரர் நன்றி சொல்ல வாயெடுத்தார். அவள் நேரத்தைக் காட்டி விரட்டினாள். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு நாற்பது பேர் ரத்தமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பிறகு சீட்டை எடுத்து முழுவதும் படித்தாள். இரண்டு கட்டங்களுக்கும் கீழே மூன்றாவதாக ஒரு கட்டத்தைத் தானே வரைந்து, ‘கிழித்தது நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று வருஷத்தில் அவள் படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

சாயங்காலம் வந்த புருஷன், வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். “வழக்கமா எனக்குச் சாவிதான் கிடைக்காது” என்றார். கதையைக் கேட்டுவிட்டு, மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நான்கு முறை ஏறி இறங்கிச் சமாதானம் பேசிப் பார்த்தார். கடைசியில், அவன் பேச்சிலும் தப்பு இருக்கிறது, உன் கையிலும் கத்தி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இடுப்பு வலிக்கிறதென்று படுத்துக்கொண்டார்.

கொழுந்தன் அறிக்கை எழுதினார். ‘பழுதுபார்ப்பவர் டயரை வேண்டுமென்றே சேதப்படுத்தினார்.’ ஆதாரத்துக்கு அக்கா அனுப்பிய இரண்டாவது போட்டோவை இணைத்தார். முதல் போட்டோவை இணைக்கவில்லை, அதில்தான் நிழல் விழுந்திருந்ததே. பதினான்கு வண்டிகளும் வேறு கடைக்குப் போய்விட்டன. அங்கே கேள்வி கேட்காமல் ஒட்டுகிறார்களாம். அறிக்கையின் முதல் வரி மட்டும் ஆபீசிலிருந்து சலூனுக்கு நடந்து வந்து, மீதி ஊருக்கு வண்டி பிடித்தது. பொய்யாக இருந்தால் அக்கா மறுத்திருப்பாள். உண்மையை நடுவில் அறுத்துவிட்டு முன்பாதியை மட்டும் உருட்டி விட்டால் அவள் எதை மறுப்பாள்? வந்து கேட்கிறவர்களிடம் எரிந்து விழுகிறாள். அதனால் கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். நேற்று முழுக்க அவள் கடைக்கு வந்தது காற்றடிக்க ஒரு சைக்கிள்.

இதில் உச்சம் இன்னொன்று. பெட்டிக்காரர் தன் வண்டிக்குப் புது டயர் கேட்டுத் தானே சீட்டு எழுதினார். ஸ்டோரிலிருந்து வந்து வண்டியைச் சோதித்தார்கள். பின் டயர் நல்ல நிலையில் இருப்பதாகவும், மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை என்றும் எழுதிவிட்டுப் போனார்கள். கொழுந்தனின் சான்றிதழுக்குக் கீறல்கூட இல்லை. பெட்டிக்காரர் கடைக்கு வந்து, வேண்டுமானால் இப்போதே கழற்றிக்கொள்ளுங்கள் அக்கா என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “கழட்டிட்டு? ரிம்முல ஓடுவீங்களா?” என்று சீறி அனுப்பிவிட்டாள்.

புருஷன் இப்போது தொழிற்சாலை வண்டியைப் பிடிக்கப் பஸ்ஸில் போகிறார். அவருடைய வண்டியை வீட்டுக்குத் தட்டுவண்டியில் ஏற்றி வந்து மாடிப்படி ஓரத்தில் ஸ்டாண்ட் போட்டிருக்கிறாள், பின்னால் வெறும் ரிம்மோடு. காலையில் ஆபீஸ் வேன் ஹாரன் அடித்ததும் இறங்கி வரும் கொழுந்தன், வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்துதான் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. அண்ணியோடு அவருக்குப் பேச்சு இல்லை. முந்தாநாள் சட்டையில் சங்கிலி மசி பட்டுவிட்டதாம், அண்ணனைக் கூப்பிட்டு, அந்த வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது.

“டயர் வரட்டும். அதுவே நகரும்.”

இன்று காலையும் அவர் பக்கவாட்டில்தான் நடந்து போனார்.