மாமாவின் காம்பராவில் மூன்று டீவி

"அக்கா, நாளைக்கு வாறாங்களாம்க்கா!"

போனில் செல்வி. குரல் நடுங்கியது. யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆறு காம்பரா, அதாவது ஆறு ஒற்றையறை வீடுகள், வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் இருக்கிறாள் செல்வி. அங்கிருந்து இப்படியொரு குரல் வந்தால் ஒன்று மண் சரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அரசாங்க உதவிப் பணத்துக்கு வீடு பார்க்க ஆள் வர வேண்டும். அந்த வாரம் மழை இல்லை.

"நீங்க வந்துருங்கக்கா. இந்த தடவ வாற மிஸ்ஸுக்கு சிங்களம் மட்டுந்தானாம். மாமாவுக்கு யாரு பேசுறது?"

மாமா என்றால் என் தாய்மாமா, முத்தையா. செல்விக்கு உறவில்லை. ஆனால் லயத்தில் எல்லாருக்குமே அவர் மாமாதான். நாற்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டவர். இப்போது எழுபத்துநான்கு வயது. மாமி இல்லை, பிள்ளைகளும் இல்லை. வேலையை விட்டபோது கிடைத்த சேமலாப நிதி மாமியின் வைத்தியத்தோடு கரைந்துபோனது. மாதாமாதம் வருகிற முதியோர் கொடுப்பனவில்தான் மாவு, சீனி, கிளினிக்குக்குப் போக பஸ் காசு எல்லாம். யார் யாருக்குத் தொடர்ந்து கொடுப்பது என்று மறுபடி பார்க்கப்போகிறார்களாம். நின்றுவிட்டால்? அந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

மறுநாள் ஹட்டனிலிருந்து முதல் பஸ். வழியெல்லாம் மனசுக்குள் சிங்களத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். தினமும் பேசுகிற சிங்களம்தான். டவுனில் பேரம் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். ஆனால் ஒரு அதிகாரி, கையில் விவரங்களைத் தட்டிப் பதிகிற ஒரு டேப் கம்ப்யூட்டர், நம் வாயிலிருந்து வரும் ஒரு சொல்... தப்பு எதுவும் செய்யாமலே இப்படிப் பயப்பட எங்கள் ஆட்களால்தான் முடியும்!

போய்ச் சேர்ந்தால், லயத்தில் ஒரே அமளி. இரண்டு பேர் ஒரு பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். செல்வி மார்போடு ஒரு டீவியை அணைத்துக்கொண்டு, வயர் காலில் தட்ட, மூச்சிரைக்க வருகிறாள். எல்லாம் ஒரே திசையில். கடைசிக் காம்பராவுக்கு... மாமாவுடைய காம்பராவுக்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'டீவி இருந்தா பேரை வெட்டிருவாங்க' என்று ஒரு பேச்சு. யார் சொன்னது? தெரியாது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அதுவும் தெரியாது. தெரியாததால்தான் பயம் அதிகம். அதனால் ஆள் வரும் நாளில் சாமான்களை ஒதுக்கி வைப்பது லயத்துப் பழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் எப்போதும் கோயில் பக்கத்து ரோட்டால் வருவார்கள். முதல் காம்பராவிலிருந்து தொடங்குவார்கள். நாலாவது முடியும்போது பசி வந்துவிடும். கடைசிக் காம்பராவுக்குள் யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. வாசல்படியில் நின்றபடியே மாமாவைக் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதோடு, சாமான் வைக்க இடம் வேண்டுமே? அந்த லயத்தில் இடம் காலியாக இருப்பது மாமாவின் காம்பராவில் மட்டும்தான்.

"இதெல்லாம் தப்பில்லையா மாமா?" என்றேன்.

"அதுங்க என்ன மாளிகையா கட்டிருச்சுங்க? தீபாவளிக்கு எடுத்து, மாசாமாசம் கட்டுக்காசு கட்டுற டீவி. வய் புள்ள, அந்த மூலைல வய்."

ஆமாம், புள்ள என்றது என்னைத்தான். என் கையில் அப்போது யாருடையதோ ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு காத்திருந்தோம். பத்து மணி... பதினொன்று... எல்லாருடைய கண்ணும் கோயில் ரோட்டில். நாய் குரைத்தால்கூட செல்வி எழுந்து நின்றாள். அவள் புருஷன் கொழுந்து லொறியில் ஏறும்போது விழுந்து, கால் முறிந்து, நாலு மாதமாகப் படுக்கையில். மூன்று பிள்ளைகள். அந்தக் குடும்பமும் இந்த உதவிப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது.

"ஆயுபோவன்..."

சிங்கள வணக்கம். அதுவும் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினோம். அந்த மிஸ் தோட்டத்தின் மேல் டிவிஷனை முதலில் முடித்துவிட்டு, தேயிலைக்குள் இருக்கும் குறுக்குப்பாதையால் இறங்கி வந்திருக்கிறார். குறுக்குப்பாதை எங்கே வந்து முடியும்? கடைசிக் காம்பராவின் வாசலில்!

சின்ன வயசு. சப்பாத்தெல்லாம் சேறு. அட்டை கடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நல்ல பெண் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதனால் பயம் குறைந்ததா? இல்லை. கால் கழுவத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். மாமாவும் மரியாதையாக, பழக்க தோஷத்தில், "உள்ளுக்கு வாங்க மிஸ்" என்று கதவைத் திறந்துவிட்டார். திறந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

உள்ளே மூன்று டீவி. ஒரு பிரிட்ஜ். இரண்டு கேஸ் அடுப்பு. மூன்று ரைஸ் குக்கர். இத்தனைக்கும் நடுவில் மாமாவின் ஒற்றைக் கட்டில். சுவரில் ஒரே ஒரு பிளக்.

மிஸ் அந்தப் பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மே ஒக்கோம சீயாகேத?" என்றார். இதெல்லாம் தாத்தாவுடையதா என்று கேட்கிறார்.

வாசலில் ஐந்து குடும்பமும் கூடி நின்றது. செல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். நான் மாமா பக்கம் குனிந்து, மிஸ் கேட்டதைச் சொன்னேன்.

"என்னோடதுன்னே சொல்லு புள்ள."

"மாமா!"

"நான் ஒத்த ஆளு. அங்க புள்ளகுட்டி இருக்கு. சொல்லு."

உண்மையைச் சொன்னால் ஐந்து வீடும் சாமானை ஒளித்தது தெரிந்துவிடும். பொய்யைச் சொன்னால் மாமா பட்டினி. ஒரு சொல்தான். அதை என் வாயால்தான் சொல்ல வேண்டும். இதற்கா அந்தக் காலத்தில் அவ்வளவு கஷ்டப்பட்டு சிங்களம் படித்தேன்?

"ஒவ், மிஸ்," என்றேன். ஆமாம், மிஸ்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு மூன்று டீவி?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் சொல்ல, மாமா யோசிக்கவே இல்லை.

"ஒண்ணு நியூஸுக்கு, ஒண்ணு நாடகத்துக்கு, ஒண்ணு பழுதுன்னு சொல்லு."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை. அவருக்கு விஷயம் புரிந்திருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேப்பில் விரலை வைத்தார், எடுத்தார். ஆனால் டேப் கேட்பது இருக்கிறதா, இல்லையா என்று மட்டும்தானே? ஒவ்வொன்றாகத் தட்டினார். மாமாவைச் சாமான்களுக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு படமும் எடுத்தார். மாமா அதற்குத் தலை வாரிக்கொண்டார்.

மற்ற ஐந்து காம்பராவையும் பார்த்துவிட்டுப் போகும்போது அவரைத் தனியாக நிறுத்தி, "டீவி இருந்தால் உண்மையிலேயே வெட்டிவிடுவார்களா?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது அக்கா. நாங்கள் போடுவோம், அங்கே சிஸ்டம் முடிவெடுக்கும்," என்றார் பாவமாக. எங்கள் டீவிப் பேச்சுக்காவது, அதைச் சொன்ன, ஊர் பேர் இல்லாத ஒரு 'யாரோ' இருந்தார். இங்கே அதுவும் இல்லை. அந்தப் பதில்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கதை அதோடு முடிந்ததா? அன்று பின்னேரம் டீவியைத் திருப்பி எடுக்கவந்த செல்வி, வாசலோடு நின்றுவிட்டாள். படத்தில் மாமா வீட்டில் இருக்கிற டீவி, நாளைக்கு யாராவது மறுபடி வந்து பார்த்தால், அவள் வீட்டில் இருக்கலாமா? யாரும் எதையும் எடுக்கவில்லை. இரண்டு மாதமாக மாமா அந்தச் சாமான்களுக்கு நடுவில், கட்டிலுக்குப் பக்கவாட்டாக நடந்துபோய்ப் படுக்கிறார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் டீவி பார்க்கின்றன.

போன வாரம், பணம் தொடர்ந்து கிடைப்பவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். ஐந்து வீட்டுப் பெயரும் இருக்கிறது. மாமாவின் பெயர் இல்லை.

டீவியால்தானா? வேறு ஏதாவது காரணமா? ஒருவருக்கும் தெரியாது. மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய், படிவத்தை நானே நிரப்பினேன். என்ன தவறாகப் பதியப்பட்டது, காரணம் என்ன என்று ஒரு கட்டம். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எது யாருடைய டீவி, யாருடைய பிரிட்ஜ், எல்லாம். செல்வியின் பெயர் வந்ததும் பேனாவை ஒருமுறை கீழே வைத்தேன். ஆனாலும் எழுதினேன், அவர் என் மாமா.

"வாசி," என்றார்.

வாசித்தேன். செல்வியின் பெயர் வந்த இடத்தில் கையை நீட்டித் தாளை வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து, மாமா..."

"வேற காரணம் இருந்தா எழுதிட்டு வா. போடுறேன்."

"வேற காரணமே இல்லையே! சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?"

"பாப்போம்," என்றார். அந்தப் 'பாப்போம்' சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார். என் மாமா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னால் மாவும் சீனியும் வாங்கிக் கொடுக்க முடியும், கொடுப்பேன். ஆனால் மருமகள் கையை எதிர்பார்த்து நிற்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேன்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேறு காரணம் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர்களை எல்லாம் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. இருந்தாலும் பயம் போகவில்லை.

அந்த மிஸ்ஸுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன்... என்னைப்போல யாராவது மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டால்?