வாழையிலை மெழுகும் சோப்புத்தூளும்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. மழை விட்டிருந்தது, வானம் மூட்டம். மலேசியாவில் கோலா சாவா தோட்டத்து வீட்டின் பின்புறம் என் மச்சினனின் நெற்றியில் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடித்தேன். அவன் விழவில்லை. காம்பைப் பறித்து என் வாயில் இடித்தான். இரண்டு பற்கள் போயின.

காரணம், இருபத்திரண்டு வாழைகள். ஞாயிறன்று மகளுக்குக் கல்யாணம். மரத்துக்கு ஏழு இலை, இலைக்கு இரண்டு துண்டு, ஆக 308. பந்திக்கு இலை என் பொறுப்பு என்று சம்பந்தியிடம் சொல்லியிருந்தேன்.

முந்தைய வெள்ளிக்கிழமைதான் வாழைக்கடியில் மண்டிய லாலாங் புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடிக்க மச்சினனை அழைத்தேன். முப்பது வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவன். "இலைய மறைக்கணுமா, மாமா?" என்றான்.

நான் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். இலைமேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், உருண்டு ஓடியது. இலையின் தோல் செல்கள் கொழுப்பு அமிலத்தை நொதிகளால் இரண்டிரண்டு கார்பனாக நீட்டுகின்றன. பதினாறு, பதினெட்டு என்று முப்பதுவரை போகும். பிறகு வேறு நொதிகள் நுனிக் கார்பன் ஒன்றை வெட்டி எறிகின்றன. மிஞ்சிய இருபத்தொன்பது கார்பன் சங்கிலியில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. அது தண்ணீரை ஒட்டவிடாத மெழுகு. "மருந்தும் வழுக்கிடும், மறைக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

செவ்வாயன்று எல்லா இலைகளும் தீய்ந்து தொங்கின.

"மருந்துல என்னடா கலந்த?"

"சோப்புத்தூள். ரெண்டு பிடி."

"மெழுகுல தண்ணி ஒட்டாது. சோப்பு போட்டா ஒட்டிக்கும். ஏன்டா சொல்லல?"

"சோப்பு போடாம எந்த எஸ்டேட்ல மருந்து அடிச்சாங்க? இத வேற சொல்லணுமா லா? மெழுகு மெழுகுன்னு பாடம் நடத்துனது நீங்க. படிச்ச மண்டை."

அப்போதுதான் அடித்தேன். என் பல் போன பிறகும் அவன் ஓயவில்லை. பாராங் கத்தியை எடுத்து வாழைகளை வெட்டிச் சாய்த்தான். குருத்து பிழைத்திருந்த மரங்கள். நான் பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்து இறுக்கினேன். முழங்கையால் என் விலாவில் குத்திவிட்டு மறுபடி வெட்டினான். பதினேழாவது மரம் விழுந்ததும் என் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"வெட்டுடா, என்னையும் சேர்த்து. ஞாயித்துக்கெழம தாய்மாமன் சடங்குக்கு வேற ஆள பாத்துக்கிறேன்."

கத்தி கீழே விழுந்தது. அவன் முகமெல்லாம் இரத்தம். என் சட்டையெல்லாம் இரத்தம். ஒரே காரில் கிளினிக்குக்குப் போனோம்.

ஞாயிறன்று நெற்றிக் கட்டோடு வந்து சீர் செய்தான். என்னைப் பார்க்கவில்லை. சிரம்பானில் வாங்கிய இலை 360 ரிங்கிட், அவன் தையல் 150, என் இரண்டு பொய்ப்பல் 680. மொத்தம் 1,190 ரிங்கிட்.