இரண்டு ஏரியலும் ஒரே நாளில்

லூனாசுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில், கூரைமேல் இரண்டு டிவி ஏரியல் நின்ற வீடு எங்களுடையது ஒன்றுதான். ஒன்று ஜெராய் மலையைப் பார்த்திருக்கும், மற்றது பினாங்குப் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டும் மாமாவின் கைங்கரியம். அம்மாவின் தம்பியான அவர் சுங்கைப் பட்டாணியில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தார். ஒன்று படத்தை இழுக்காத நாளில் மற்றது இழுக்கும் என்பது அவர் கணக்கு. இரண்டு ஏரியலின் ஒயரும் சுவர் வழியே இறங்கி, டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்சில் சேரும். அந்தச் சுவிட்சிலிருந்து டிவிக்கு ஒரே ஒயர்தான். சுவிட்சை மேலே தள்ளினால் ஜெராய், கீழே தள்ளினால் பினாங்கு. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு" என்று எங்கள் வரிசை வீடுகளில், லயத்தில், அப்பாவைக் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. அக்கா இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பதினான்கு வயது. நான்கு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் வந்தாள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாதா கோவில் பாட்டுக்குழுவோடு கோலாலம்பூர் போய், கிறிஸ்துமஸ் டிவி நிகழ்ச்சிக்காகப் பாடிவிட்டு வந்திருந்தாள். அதற்கென்று அம்மா இரண்டு வாரம் தையல் மிஷினில் குனிந்து கிடந்து, கழுத்தில் லேஸ் வைத்த ஒரு வெள்ளைக் கவுன் தைத்திருந்தார். அதைப் போட்டுத்தான் அவளை அடக்கம் செய்தோம்.

நிகழ்ச்சி கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு வரும் என்று தெரிந்ததும், லயமே கூடி ஒரு முடிவு எடுத்தது. பெற்றவள் பிள்ளையின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அம்மாவை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நாலரை மணிக்கெல்லாம் வீட்டில் காலை வைக்க இடமில்லை. சாமி கும்பிடுகிற இந்து வீட்டுப் பெண்களும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா டிவி பெட்டியின் கதவைத் தள்ளித் திறந்து குமிழை முடுக்கினார். திரை முழுக்க எறும்பு மாதிரிப் புள்ளிகள் ஓடின. இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை.

மாமா உடனே கூரைமேல் ஏறினார். எது கெட்டாலும் அவர் முதலில் கூரைக்குத்தான் போவார். அப்பா சன்னலில் நின்றார். ஒன்பது வயதான நான் திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள்.

"இப்ப எப்படி?"

"எறும்புதான் மாமா."

"பினாங்குக்குத் தள்ளு."

"அதுவும் எறும்புதான்."

மாமா முதலில் காக்கையைத் திட்டினார். பிறகு காற்றைத் திட்டினார். கடைசியில், மலைமேல் ஒளிபரப்புக் கோபுரத்தில் இருப்பவன் பெருநாளைக்கு லீவு எடுத்துக்கொண்டு போயிருப்பான் என்றார். மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"மச்சான், ஏதாச்சும் செய்யி லா" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்தது. அடக்கத்தன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. இரண்டு ஏரியலும் ஒரே நாளில் எப்படிக் கெடும்? இரண்டு பக்கமும் வரவில்லையென்றால் கோளாறு கூரையில் இல்லை, இரண்டும் சேருகிற இடத்துக்கு இந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும். மூன்று வாரமாக என்னை ஏறிட்டுப் பார்க்காத வீட்டில், இதை நான்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. டிவிக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்தேன்.

தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "வெளிய வந்துரு பாப்பா, கரண்டு அடிக்கும்" என்றார். அன்று மத்தியானத்திலிருந்து அவர் பேசியது அது ஒன்றுதான். நான் கேட்கவில்லை.

சுவிட்சிலிருந்து டிவிக்குப் போகும் ஒயர் கழன்று தொங்கியது. அறுபடவில்லை, கடிபடவில்லை. அதன் இரண்டு செப்பு நுனிகளும், ஊசியில் கோக்கும் நூல் மாதிரி, பிசிறில்லாமல் திரித்துவிடப்பட்டிருந்தன. கீழே தூசியில் தையல் மிஷினின் குட்டி ஸ்குரூடிரைவர் கிடந்தது. மாதாவே எனக்காகக் கொண்டுவந்து போட்டதாக நினைத்தேன். நுனிகளை ஸ்குரூவுக்கு அடியில் கொடுத்து முடுக்கினேன்.

வீடே கூச்சலிட்டது. நான் வெளியே வந்தபோது பாட்டு ஆரம்பித்திருந்தது. இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக அக்கா நின்றாள். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தக் கவுன் மற்ற எல்லாவற்றையும்விட வெளுப்பாகத் தெரிந்தது. பாட்டின் நடுவே, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, கையைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்துகொண்டாள்.

பெண்கள் ஓவென்று அழுதார்கள். அப்பா டிவி பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அம்மா அழவில்லை.

"லேஸ் குத்துதுன்னு சொன்னா" என்றார், யாரையும் பார்க்காமல். "ரெண்டு தடவ சொன்னா. நான்தான் கேக்கல. அதையே போட்டு அனுப்பிட்டேன்."

பாட்டு முடிந்தது. மாமா கூரையிலிருந்து இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். "எலி வேலதான் லா. நம்ம பாப்பா கண்டுபிடிச்சிருச்சி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லார் முன்னாலும் அம்மாவிடம் போய், "அம்மா, ஒங்க ஸ்குரூடிரைவர் அங்கதான் கெடந்துச்சி" என்று சத்தமாகச் சொல்லி நீட்டினேன்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா எலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா அதை வாங்கி மிஷின் டிராயரில் போட்டு மூடினார். என் தலையில் கை வைத்தார்.

"கையக் கழுவிட்டு வா. ஒரே தூசி."

நான் போய்க் கையைக் கழுவினேன். எலிக்கு ஸ்குரூ கழற்றத் தெரியுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கு அன்று நான் பெரிய உதவி செய்துவிட்டதாகவே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.